ஊமலில் இருந்து எண்ணெய்: நீர்வேலி வளவில் ஒன்றரை வருடம்

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்கள் வளவின் வடக்கு மூலையில் ஒவ்வொரு வருடமும் மாசி மாதம் ஓர் ஊமல் கும்பி எழும்பிவிடும். பனம்பாத்தி கிண்டிக் கிழங்கு எடுத்தபின் மிஞ்சும் வெறுங்கொட்டைகள். அதோடு காவோலை, கங்குமட்டை, தென்னம்பாளை, பொச்சுமட்டை என்று ஒவ்வொன்றாய் வந்து சேரும். அம்மா அடுப்புக்கு எடுப்பது போக மிச்சத்தை ஒரு பின்னேரம் நெருப்பு வைத்து முடித்துவிடுவோம். 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய ஒரு நாள், அந்தக் கும்பி எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு சூடும் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குத் தொடங்கிய யோசனை இது.

நான் தண்ணீர் இறைக்கும் மிஷின்கள் திருத்துகிறவன். இரும்பு வேலை கைப்பழக்கம். இரசாயனம் அவ்வளவாகத் தெரியாது. அக்காவின் மகன் பொறியியல் படிக்கிறான்; தம்பி என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என்னோடு நின்றான். கீழே வரும் கணக்குகளில் பாதி அவன் போட்டவை.

அடிப்படை இதுதான். மரமோ ஓடோ மட்டையோ காற்றுப் படாமல் சூடானால் எரியாது, உடையும். ஆவி, வாயு, கரி என்று மூன்றாகப் பிரியும். மெல்ல மெல்ல மணிக்கணக்கில் சூடாக்கினால் கரி, திரவம், வாயு மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். கரி சுடுகிறவர்கள் காலம் காலமாகச் செய்வது அது. அதே மரத்தைத் தூளாக்கி, நன்றாகக் காய வைத்து, 500 பாகை செல்சியஸ் அளவில் ஒரு நொடிக்குள் சூடேற்றி, எழும் ஆவியை இரண்டு நொடிக்குள் வெளியே எடுத்துச் சட்டென்று குளிர வைத்தால் கதை மாறிவிடும். உலர்ந்த மரத்தின் எடையில் 75 வீதம் வரை திரவமாகக் கிடைக்கும். கரி 12 வீதம் அளவுக்கு இறங்கிவிடும். இதைத்தான் விரைவு வெப்பப் பகுப்பு என்கிறார்கள். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1980களில் இதை வடிவாக ஆராய்ந்தார்கள். நெதர்லாந்தில் ஹெங்கலோ நகரில் 2015இல் தொடங்கிய எம்பைரோ ஆலை மணிக்கு 5 தொன் மர எச்சத்தை இப்படி எண்ணெயாக்குகிறது. சூடான மணலோடு மரத்தூளைக் கலந்து உடைத்து, மிஞ்சும் கரியை எரித்து அதே மணலைத் திரும்பச் சூடாக்குவது அங்குள்ள முறை. அந்த மணல் விஷயம் பிறகு எங்களுக்குக் கை கொடுத்தது.

முதலில் செய்தது பழைய வழிதான். 2023 பங்குனியில், தார் வந்த ஒரு பரலை வெளி அடுப்பாக்கி, உள்ளே எட்டு அங்குல இரும்புக் குழாயில் ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் மூடி போட்டு ஒரு பாத்திரம் செய்தோம். மூடி பொருந்தும் இடத்தில் புற்றுமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசினோம். மூடியில் இருந்து ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று தொட்டித் தண்ணீருக்குள்ளால் இறங்கி ஒரு எவர்சில்வர் வாளிக்குள் முடியும். ஐந்து கிலோ ஊமலை அலவாங்கால் உடைத்துப் போட்டு நெருப்பு வைத்தோம். மூன்று மணித்தியாலம் ஆனது. 1.6 கிலோ கரி. 1.8 கிலோ திரவம், அதுவும் இரண்டு அடுக்காக: மேலே தேயிலைச் சாயம் போன்ற புளித்த தண்ணீர், கீழே கட்டியான தார். கரி அருமையான கரி. தட்டினால் கணீரென்று சத்தம் கேட்டது. அம்மா ஒரு துண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, தன் சின்ன வயதில் ஸ்திரிக்கைப் பெட்டிக்கும் தட்டார் உலைக்கும் ஊமல் கரிதான் என்று சொன்னார். கரி வேண்டுமென்றால் நான் அங்கேயே நின்றிருக்கலாம். எனக்கு எண்ணெய் வேண்டியிருந்தது.

ஏன் எண்ணெய் குறைந்தது என்று தம்பி விளங்கப்படுத்தினான். பெரிய துண்டின் நடுப்பகுதி சூடாக நேரம் எடுக்கும். உள்ளே உண்டாகும் ஆவி வெளியே வரும் வழியெல்லாம் சுடுகரியைத் தடவிக்கொண்டு வர வேண்டும். அந்தத் தடவலில் ஆவி திரும்ப உடைந்து தண்ணீரும் வாயுவும் இன்னும் கரியும் ஆகிவிடுகிறது. அப்படியென்றால் துண்டு சின்னதாக வேண்டும், சூடு உடனே ஏற வேண்டும், ஆவிக்கு வழி கிட்டவாக வேண்டும். நான் அதுவரை நெருப்பைக் கூட்டினால் விரைவாகும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் என் ஒன்றரை வருடத்தில் பெரும்பகுதி நெருப்பிலேயே போகவில்லை. காய வைப்பதிலும் அரைப்பதிலும் குளிர வைப்பதிலும்தான் போனது.

காய வைப்பது முதல். பத்து வீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் அந்தத் தண்ணீர் முழுக்க எண்ணெய்க்குள் வந்து சேரும். போதாததற்கு மரம் உடையும்போதும் தானாகத் தண்ணீர் உண்டாகிறது. எண்ணெயில் தண்ணீர் 30 வீதத்தைத் தாண்டிப் போனால் இரண்டாகப் பிரிந்துவிடும். ஈரம் பார்க்க நாங்கள் செய்தது எளிது. தாச்சியில் மணல் போட்டு இளஞ்சூட்டில் வைத்து, அதன்மேல் ஒரு தட்டில் நிறுத்த 100 கிராம் தூளை, எடை குறைவது நிற்கும்வரை வைத்திருந்து திரும்ப நிறுத்தோம். தூள் நிறம் மாறினால் சூடு கூடிவிட்டது, அந்தக் கணக்கு சரிவராது. சித்திரை வெயிலில் தகரத்தின் மேல் இரண்டு நாள் பரப்பினால் ஏழு வீதம் வந்தது. மாரி காலத்தில் என்ன செய்தாலும் 15க்குக் கீழே இறங்கவில்லை. அதனால் ஐப்பசி தொடங்கியதும் ஓட்டத்தை நிற்பாட்டிவிட்டு இரும்பு வேலை பார்ப்பது வழக்கமாயிற்று.

அரைப்பது அதைவிடக் கஷ்டம். ஊமல் இரும்பு மாதிரி. மிளகாய் அரைக்கும் மில்லில் கேட்கவே வாய் வரவில்லை. தூளுக்குள் பனை நாற்றம் போனால் யார் பிறகு அங்கே மிளகாய் அரைப்பார்கள்? ஆகவே முதல் பரிசோதனைகளை மரக்காலையில் சும்மா கிடைத்த மரத்தூளில் செய்தோம். வேம்பும் தேக்கும் கலந்த தூள். ஊமலுக்காக நான் தனியே ஒரு சுத்தியல் அரைவை செய்தேன்: பழைய மோட்டரின் தண்டில் நான்கு இரும்புத் தகடுகள் ஊசலாட, கீழே மூன்று மில்லிமீற்றர் துளை போட்ட தகரம். அதில் விழுந்ததை அரிதட்டில் அரித்து, இரண்டு மில்லிமீற்றருக்கு மேற்பட்டதைத் திரும்பப் போட்டோம். ஒரு கிலோ ஊமல் தூளுக்கு அரை மணித்தியாலம் போகும். காதைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும்.

இனி இயந்திரம். பெரிய ஆலைகள் சிலவற்றில் அடியிலிருந்து வாயு ஊதி மணலை மிதக்க வைத்து அதற்குள் தூளைப் போடுவார்கள். அதற்கு ஒட்சிசன் இல்லாத வாயு தொடர்ந்து வேண்டும், எங்களால் ஏலாது. திருகு முறை எங்களுக்குப் பொருந்தியது. ஜேர்மனியில் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்ப நிறுவனம் வைக்கோலை இரட்டைத் திருகில் சூடான மணலோடு கலந்து உடைக்கும் முறையைக் கையாண்டது. நான் ஒற்றைத் திருகோடு தொடங்கினேன். மூடிக்கிடந்த ஒரு நெல் ஆலையில் நெல் தள்ளிய திருகுத் தண்டு பழைய இரும்புக் கடைக்கு வந்திருந்தது. அதில் ஒரு மீற்றர் இருபது சென்ரிமீற்றரை வெட்டி, மூன்று அங்குலக் குழாய்க்குள் பொருந்தக் கடைந்தோம். ஓட்ட, பழைய வான் ஒன்றின் கண்ணாடி துடைக்கும் மோட்டர். அது வேகமாகச் சுற்றினபடியால் சைக்கிள் பல்சில்லும் சங்கிலியும் போட்டு வேகத்தைக் குறைத்தோம். தண்டு குழாயை விட்டு வெளியே வரும் இடத்தில் தண்ணீர் மிஷினுக்குச் சுற்றும் கிராஃபைட் கயிற்றையே சுற்றி இறுக்கினேன். என் தொழில் எனக்கு உதவிய இடம் அதுதான். வேறு எதை வைத்திருந்தாலும் கருகியிருக்கும்.

குழாயின் கீழே செங்கல் அடுப்பு. மேலே ஒரு பக்கம் தூள் போடும் பெட்டி. மறுகரையில் கரி விழும் மூடிய தகரப் பெட்டி. ஆவி போகும் குழாய் நடுவில். உள்ளே மூன்று இடத்தில் வெப்பமானிக் கம்பிகள், அதிக சூடு தாங்கும் கே வகை.

முதல் ஓட்டம் 2023 ஆவணியில். 34 வீதம் திரவம் கிடைத்தது. அவ்வளவு பாடுபட்டுப் பரலில் கிடைத்ததற்குக் கிட்டவே! வெப்பமானி குழாய்ச் சுவரில் 510 பாகை காட்டியது. ஆனால் திருகின் நடுவில் கம்பியை விட்டுப் பார்த்தால் 360தான். சுவரில் படுகிற தூள் மட்டும் விரைவாக உடைந்தது. நடுவில் கிடந்தது அவிந்துகொண்டு போனது. மரத்தில் செலுலோசு உடைவது 315 பாகையில் இருந்து 400 பாகைக்குள். அதைத் தாண்டிச் சட்டென்று ஏறாமல் அந்த இடத்திலேயே தவழ்ந்தால் கரிதான் கூடும்.

அப்போதுதான் மணல். கட்டட வேலைக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த மணலை அரித்து, கழுவி, காய வைத்தோம். அடுப்பின் மேலேயே ஒரு இரும்புக் கூம்பு வைத்து அதில் மணலை 600 பாகைக்குச் சூடாக்கி, தகட்டு வாயால் திருகுக்குள் வழிய விட்டோம். ஒரு கிலோ தூளுக்குப் பத்துக் கிலோ மணல் என்ற அளவு. தம்பியின் கணக்குப்படி, ஒரு கிலோ மணல் நூறு பாகை இறங்கினால் ஏறக்குறைய நூறு கிலோயூல் சூட்டைக் கொடுக்கும். பத்துக் கிலோ என்றால் ஆயிரம். மிச்சத்தைச் சுவர் கொடுக்கும். தூளும் மணலும் கலந்த உடனேயே நடுவிலும் 490 காட்டியது. திரவம் 34 வீதத்தில் இருந்து 46க்குப் போனது. அன்றைக்கு இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

ஆனால் அடுத்த ஓட்டத்தில்தான் விபத்து. அதை மறைக்காமல் எழுத வேண்டும், இதைப் படித்துவிட்டு யாராவது செய்யத் துணிந்தால் அவர்களுக்காக.

தூள் பெட்டிக்குள் நன்றாகக் காய்ந்த மரத்தூள் பாலம் கட்டிக்கொண்டது. வெளியே பார்த்தால் பெட்டி நிறைய இருக்கிறது. உள்ளே அடியில் வெறுமை. பெட்டியில் நிறைந்து நிற்கும் தூள்தான் எங்கள் காற்றுத் தடுப்பு. அது விட்டுப் போனதும் காற்று உள்ளே இழுபட்டது. ஒரு பெரிய ஊதல் சத்தம், அப்புறம் பெட்டி வாயால் நெருப்பு. கம்பியால் குத்திவிடுவோம் என்று கையை நீட்டிய நேரம் அது. வலது முழங்கைக்குக் கீழே வெந்துபோனது. கிணற்றடிக்கு ஓடி இருபது நிமிடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன், பிறகு வைத்தியசாலை. ஆறு கிழமை இறைப்பு மிஷின் வேலைக்கும் போகவில்லை.

அதன்பின் மாற்றியவை: தூள் பெட்டிக்குள் சங்கிலித் துண்டு ஒன்று சுழன்று தூளைக் கலைத்துக்கொண்டே இருக்கும். பெட்டிக்கு மூடி, மூடியில் கண்ணாடித் துவாரம். திருகுக் குழாயின் மேல் ஒரு அகன்ற வாய் வெட்டி, அதை இறுக்காமல் மணல் மூட்டை வைத்த தகட்டால் மூடினோம். உள்ளே அழுத்தம் ஏறினால் தகடு தூக்கிக்கொடுக்கும். குளிராத வாயு அடுப்புக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பூட்டு, நெருப்புத் திரும்பி ஓடி வராமல். நின்று வேலை செய்யும் இடத்தைக் கிடுகுக் கொட்டிலில் இருந்து தென்னைகளுக்கு அப்பால் வெட்டவெளிக்கு மாற்றினோம். அந்த வாயுவில் காபன்மொனொட்சைட்டு நிறைய உண்டு. மணம் இல்லை, தலை சுற்றினால்தான் தெரியும். சோளகம் அடிக்கும் மாதங்களில் காற்று முதுகுப் பக்கமாக வரும்படி நின்றோம். தனியாக ஒரு நாளும் ஓட்டுவதில்லை.

குளிர வைப்பதில் இன்னொரு பாடம். ஆவிக் குழாயை நான் நீளமாக, மெல்லிய குழாயில் செய்திருந்தேன், கடைசல் வேலை வடிவாக இருக்கட்டும் என்று. மூன்றாவது ஓட்டத்தில் தார் கட்டி அடைத்தது. ஆவி 400 பாகைக்குக் கீழே மெல்ல மெல்ல ஆறும் இடத்தில்தான் தார் ஒட்டுகிறது. ஆகவே குழாயை இரண்டரை அங்குலமாக அகலமாக்கி, நீளத்தை முப்பது சென்ரிமீற்றருக்குக் குறைத்து, கண்ணாடிப் பஞ்சால் சுற்றி, களிமண் பூசினோம். குளிர்பானைக்குள் நுழையும் வரை சூடு. நுழைந்த அடுத்த கணம் குளிர். நடுவில் இளஞ்சூடான இடமே இருக்கக்கூடாது. குளிர்பானை ஒரு பெரிய எவர்சில்வர் பானை, சுற்றிவர ஐஸ். பாசையூரில் மீனுக்கு உடைக்கும் ஐஸ் ஒரு சாக்கு வாங்கினால் ஒரு ஓட்டத்துக்குப் போதும்.

பானையைத் தாண்டியும் வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தது. அது வாயு என்று நினைத்தோம். உண்மையில் அதுதான் எண்ணெயின் நல்ல பகுதி, மூடுபனி மாதிரி நுண்துளியாக. ஐஸ் அதைப் பிடிக்காது. ஆலைகளில் உயர் அழுத்த மின்சாரத்தால் பிடிப்பார்கள். அதை வீட்டில் செய்யத் துணியவில்லை. கழுவிக் காய வைத்த தென்னந்தும்பை இன்னொரு பானையில் இறுக்கி அடைத்து, புகையை அதற்குள்ளால் விட்டோம். தும்பு கறுத்து ஊறி, அடியில் சொட்டத் தொடங்கியது. தும்பை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் ஒரு ஓட்டத்தில் 110 கிராம். அதையும் சேர்த்தபின் 2024 வைகாசியில் மரத்தூளில் 51 வீதம் எட்டினோம். எங்கள் உச்சம் அதுதான். 75 எங்களுக்கு எட்டாது. திருகுக்குள் ஆவி இரண்டு நொடியைவிட நீளமாகத் தங்குகிறது, அது இந்த அமைப்பின் குணம்.

பொருளுக்குப் பொருள் வித்தியாசம் பார்த்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அரைத்த ஊமல் 38 வீதம். கடற்கரைப் பக்கம் இருந்து வந்த கங்குமட்டை 31 வீதம்தான், அதுவும் இரண்டு அடுக்காகப் பிரிந்த தண்ணீர்த் திரவம். ஏன் என்று தேடியபோது விடை உப்பில் இருந்தது. பொற்றாசியமும் சோடியமும் ஆவியை உடைக்கத் தூண்டுகின்றன. எண்ணெய் குறைந்து தண்ணீரும் வாயுவும் கரியும் கூடும். அப்போது கொடிகாமத்தில் ஒரு உறவினர் வளவில் மாரி முழுக்க மழையில் ஊறிக் கிடந்த மட்டைகள் கிடைத்தன. எரிக்கக்கூட உதவாது, உக்கல் என்று அவர் ஒதுக்கி வைத்தவை. காய வைத்து ஓட்டினால் 39 வீதம்! மழை உப்பைக் கழுவிக்கொண்டு போயிருந்தது. அதைக் கண்டபின் ஊமல் தூளையும் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, வடித்துக் காய வைத்தோம். 38 என்றது 44 ஆனது. வடித்த தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றினோம், பொற்றாசியம் அதற்குத்தானே வேண்டும்.

புகையிலைத் தடி எங்கள் பக்கம் தோட்டம் முடிந்ததும் மலைபோலக் கிடக்கும். பலர் அதைப் போட்டுப் பாருங்கள் என்றார்கள். போடவில்லை. புகையிலைச் செடியில் உள்ள நிக்கொட்டினில் ஒரு பகுதி எண்ணெயோடு வந்துவிடும்; தோலாலேயே உடம்புக்குள் போகும் நஞ்சு அது. வெறும் கையுறையை நம்பி அதைக் கையாள எனக்கு மனம் வரவில்லை. உமியும் போடவில்லை: அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், பெரும்பாலும் சிலிக்கா, திருகைத் தேய்த்துவிடும்.

இனி எல்லோரும் கேட்ட கேள்வி. இதில் தண்ணீர் மிஷின் ஓடுமா?

கேட்பதில் நியாயம் உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். எண்ணெய் என்ற சொல்லைக் கேட்டதும் இயந்திரம்தான் நினைவு வரும். ஓடாது என்பதே என் பதில். நான் மூன்று சோதனை செய்தேன். ஒரு போத்தல் டீசலுக்குள் இதை ஊற்றினால் கலக்கவே இல்லை, நேரே அடிக்குப் போனது, லீற்றர் 1.2 கிலோ எடையுள்ள திரவம் அது. அமிலத்தாளில் 2.5 காட்டியது, தேசிக்காய்ப் புளி மாதிரி. இரும்பு ஆணி, அலுமினியத் துண்டு, எவர்சில்வர் கரண்டி மூன்றையும் தனித்தனிப் போத்தலில் இரண்டு கிழமை வைத்தேன்: ஆணி அரைவாசி மெலிந்தது, அலுமினியம் குழி விழுந்தது, கரண்டி அப்படியே இருந்தது. டீசல் பம்பின் உள்ளே இருக்கும் நுண்ணிய இரும்பு வேலைகளை நினைத்துப் பாருங்கள். அதோடு எண்ணெய்க்குள் மிதக்கும் கரித்துகள். சூடும் குறைவு, எடைக்கு எடை டீசலின் நாற்பது வீதம். இதைக் காய்ச்சி வடித்துச் சுத்தமாக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். ஒரு போத்தல் வடித்துப் பார்த்தோம். பாதி அப்படியே உறைந்து கல்லானது. அந்தச் சட்டியை எறிய வேண்டி வந்தது.

வைத்திருந்தாலும் அது சும்மா இருக்காது. தகரக் கூரைக்குக் கீழே வைத்த போத்தல் நான்கு மாதத்தில் சீனிப்பாணி மாதிரித் தடித்துவிட்டது. நிழலில், கிணற்றடித் தொட்டிக்குப் பக்கத்தில் குளிராக வைத்தது பரவாயில்லை. பத்து வீதம் மெதனோல் சேர்த்தால் தடிப்பது குறையும். பனஞ்சாராயத்தை ஊற்றிப் பார்ப்போமா என்று கேட்டார்கள். அதில் பாதிக்கு மேல் தண்ணீர், அந்தத் தண்ணீரே எண்ணெயைப் பிரித்துவிடும்.

எரிக்க மட்டும் உதவுகிறது. நெருப்புக்குச்சி வைத்தால் பற்றாது. ஆனால் நன்றாகச் சூடான செங்கல் அறைக்குள் காற்றழுத்தத்தோடு தூவினால் சுத்தமான மஞ்சள் சுவாலையோடு எரிகிறது. மணல் கூம்பைச் சூடாக்க இப்போது விறகோடு அதைத்தான் தூவுகிறோம். பாண் போறணை வைத்திருக்கும் ஒரு அண்ணை வந்து பார்த்துவிட்டுத் தன் போறணைக்குக் கேட்டார். சாப்பாட்டுப் பொருளுக்குக் கிட்ட இந்தப் புகை போகக்கூடாது என்று மறுத்துவிட்டேன். நெருப்பறை வேறு, வேகும் அறை வேறாகக் கட்டினால் பிறகு கதைப்போம்.

தண்ணீர் அடுக்கைப் பற்றி எனக்குக் கடுமையான எண்ணம் உண்டு. பரலில் கரி சுட்டாலும் திருகில் ஓட்டினாலும் புளித்த தண்ணீர் ஒன்று மிஞ்சும். அசற்றிக்கமிலமும் பீனோல்களும் கலந்தது. மரப்புளி என்று பூச்சிக்கும் பயிருக்கும் அடிக்கிறார்கள், நீங்களும் தோட்டத்துக்கு விடலாமே என்று பலர் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீர்தான் எங்கள் கிணறு முழுக்க. அந்தக் கல்லில் வெடிப்பும் குகையும் கூட. மேலே ஊற்றுவது கீழே போக மண் அதிகம் தடுக்காது. சுன்னாகத்தைச் சுற்றிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த நாட்களை நாங்கள் யாரும் மறக்கவில்லை. அதனால் எங்கள் வளவில் ஒரு துளி நிலத்தில் விழக்கூடாது என்று சட்டம் போட்டேன். பானைகளுக்குக் கீழே தகரத் தட்டு. தண்ணீர் அடுக்கை மரத்தூளில் ஊறவைத்து, அடுப்பு நன்றாகச் சிவந்த நேரம் பார்த்து எரித்துவிடுகிறோம். தாரை வேலிக் கதியாலுக்குப் பூசினால் கறையான் வராது என்பது உண்மைதான். மண்ணுக்குள் இறங்கும் அடிப்பகுதிக்கு நான் பூசுவதில்லை. மேலே, மழை நேரே படாத கூரைச் சலாகைகளுக்கு மட்டும்.

கரிக்கு வருவோம். திருகுக் கரி பரல் கரி போல இல்லை, மாவு. மணலோடு கலந்து வரும். அரித்துப் பிரிக்க வேண்டும். முதல் கிழமை அதைப் பின்னேரம் ஆறிவிட்டது என்று நினைத்துப் பசளைப் பையில் கட்டி வைத்தோம். விடியப்புறம் அம்மா எழுப்பினார். பை நடுவில் சிவந்து கனன்றுகொண்டிருந்தது. புதுக்கரி காற்றில் உள்ள ஒட்சிசனை இழுத்துத் தானாகச் சூடாகும் என்று அதன்பின்தான் அறிந்தோம். இப்போது ஒரு முழு நாள் மூடிய தகரத்திலேயே வைத்து, அடுத்த நாள் தண்ணீர் தெளித்து, மெல்லிதாகப் பரப்பிவிடுகிறோம்.

மண்ணுக்குப் போடுவதற்கு முன் பயறு முளைக்க வைத்துப் பார்த்தோம். 400 பாகையில் அரைகுறையாக உடைந்த கரியில் முளை பாதியில் நின்றுவிட்டது, எண்ணெய் ஒட்டிக்கொண்டிருப்பதால். 500 பாகைக் கரியில் சாதாரண மண்ணைப் போலவே முளைத்தது. பிறகு மாட்டு மூத்திரமும் சாணியும் கலந்து மூன்று கிழமை ஊறவைத்து, வெங்காயப் பாத்தி இரண்டில் ஒன்றுக்குப் போட்டோம். விளைச்சலில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இறைத்த தண்ணீர் அந்தப் பாத்தியில் அடுத்த நாளும் ஈரமாக நின்றது, விரலைவிட்டுப் பார்த்தாலே தெரிந்தது. எங்கள் செம்மண் தண்ணீரை விரைவாக விட்டுவிடும் மண். போட்ட பசளையின் நைத்திரேற்று கிணற்றுக்குள் இறங்குவது எங்கள் பகுதியில் பழைய பிரச்சினை. கரி அதைக் கொஞ்சமாவது பிடித்து வைக்குமா என்று பார்க்க, இரண்டு பாத்திக்குக் கீழும் குழாய் புதைத்து வடியும் தண்ணீரை எடுத்து வருகிறேன். சோதித்துப் பார்க்கத் தம்பி தன் பீடத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறான்.

இது எழுதுவது 2024 புரட்டாதி கடைசியில். மேற்கே மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. நேற்று இவ்வருடத்துக் கடைசி ஓட்டம் முடிந்தது: கழுவிய ஊமல் இரண்டு கிலோ, 880 கிராம் திரவம், 490 கிராம் கரி. திருகின் கடைசி மூன்று சுற்று மணலில் தேய்ந்து கத்தி மாதிரி ஆகிவிட்டது. இன்று காலை அதைக் கழற்றி, தார் உரித்து, தேங்காயெண்ணெய் பூசி வைத்தேன். மாரி முடியும் வரை அந்தத் திருகுக்குப் புதுத் தகடு ஒட்டும் வேலை இருக்கிறது. கொடிகாமத்து உறவினரிடம் மட்டைகளை இந்த முறை கொட்டிலுக்குள் எடுக்க வேண்டாம், வெளியிலேயே நனையட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.